பழி போய் நிற்கும் வாசல்

ஆறாம் அத்தியாயம்: பழிவாங்கும் நாயகனை எழுதுவது

பழிவாங்கும் நாயகனை வைத்துச் சித்திரக்கதை எழுத வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். முதல் சில பக்கங்களில் வீடு எரிகிறது, அப்பாவைக் கொல்கிறார்கள், பையன் மழையில் நின்று வானத்தைப் பார்த்துக் கத்துகிறான். பக்கத்தைப் புரட்டினால் பத்து வருஷம் ஓடிவிட்டது. கண்ணில் முடி விழ, முதுகில் வாள் தொங்க, கறுப்பு உடையில் வந்து நிற்கிறான். வரைந்த கை நல்ல கைதான். ஆனாலும் படிக்கிறவருக்கு அவன்மேல் ஒட்டுதல் வருவதில்லை. பரிதாபம் வருகிறது, நாலு பக்கம் போனதும் அதுவும் தேய்ந்துவிடுகிறது.

கொடுமை போதவில்லையோ என்று நினைத்து, அடுத்த பிரதியில் அம்மாவையும் தங்கையையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறார்கள். அதனாலும் கதை நிமிர்வதில்லை. நாயகனுக்கு நடந்த கொடுமை கதையைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. வாசகரைக் கட்டிப்போடும் இடம் பின்னால் வருகிறது. அவனுடைய பழி, தனக்குத் தீங்கு செய்தவன் வீட்டைத் தாண்டிப் போய், ஒரு பாவமும் அறியாத வேறொருவன் வாசலில் நிற்கிறது. அது தப்பான வாசல் என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் கதவைத் தட்டுகிறான். அந்த இடத்தை எழுதத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைவந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான்.

இதற்குச் சரியான பாடம் நம் ஊரிலேயே ஒரு மலையடிவாரத்தில் கிடைக்கிறது. நாமக்கல் பக்கமிருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காரவள்ளி வழியாக ஏறுகிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளும் அங்கிருந்து ஆரம்பம். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை, சுவர்மேல் குந்தியிருக்கும் குரங்குகள், போகப் போக அடைத்துக்கொள்ளும் காது, திடீரென்று முகத்தில் அறையும் குளிர்காற்று என்று சோளக்காடு வரை ஒரே ஏற்றம். மேலே செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடிப் பெருக்கை ஒட்டி அரசு அவனுக்கு விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டி நடக்கிறது. மலைக்கு அவன்தான் நாயகன், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் கதை எழுதுகிறவர் காரவள்ளியில் நின்று அண்ணாந்து பார்த்தால், மனம் இன்னொருவனிடம் போக வேண்டும். ஓரியைக் கொல்வதற்காக இந்த மலையில் ஏறியவனிடம்.

அவன் மலையமான் திருமுடிக்காரி. பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூர் அவன் ஊர். கபிலர் அவனைப் புறநானூற்றில் பாடியிருக்கிறார். காலையிலேயே குடித்து மகிழ்ந்திருக்கும்போது தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் எளிது, இவன் குடிக்காமலே கொடுப்பவன் என்பது ஒரு பாட்டின் கருத்து. இன்னொரு பாட்டில் கபிலர் சொல்வது: மூவேந்தர்களில் யாருக்குத் துணை வேண்டுமென்றாலும் இவனைத் தேடித்தான் ஆள் வருகிறது, அவர்கள் தரும் செல்வமும் இவனிடம் தங்குவதில்லை, கேட்டு வந்தவர்களுக்குப் போய்விடுகிறது, மனைவியைத் தவிர இவனுக்கென்று சொந்தமாக எதுவும் இல்லை. ஒரு பாத்திரத்துக்கு வேண்டியதெல்லாம் இந்த இரண்டு பாட்டில் வந்துவிட்டது. தெளிந்த புத்தியோடு கொடுக்கிறவன். இன்னொருவருடைய போரைத் தன் கையால் முடித்துக் கொடுக்கிறவன்.

இந்தக் காரியின் கோவலூரைத் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி படையெடுத்து அழித்தான். அந்த வெற்றியைப் பரணர் பாடியதாக ஔவையார் பாட்டு சொல்கிறது. ஊரிழந்த காரி, சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையோடு சேர்ந்தான். சேரனுக்குக் கொல்லி வேண்டியிருந்தது. காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர் கையில் கொடுத்தான். இது அகநானூற்றில் இருக்கிறது. அதன்பிறகு சேரன் தகடூர் மேல் போனான், தகடூர் விழுந்தது. தனித்தனிப் பாடல்களில் சிதறிக் கிடக்கும் செய்திகளை அறிஞர்கள் இந்த வரிசையில் கோத்துத் தருகிறார்கள்.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். காரியின் ஊரை அழித்தவன் தகடூரில் இருக்கிறான். செத்தவன் கொல்லியில் இருக்கிறான். ஓரி காரிக்கு என்ன செய்தான்? இந்த வரிசையில் பார்த்தால் ஒன்றுமே செய்யவில்லை. சேரனுடைய படை வேண்டுமென்றால் சேரன் கேட்ட விலையைக் கொடுத்தாக வேண்டும். அந்த விலையின் பெயர் ஓரி. கடைசியில் காரி பட்ட வலிக்குப் பதில் கிடைத்த தகடூர்ப் போரின் புகழும் அவனுக்கு வரவில்லை. ‘தகடூர் எறிந்த’ என்ற அடைமொழி இன்றுவரை பெருஞ்சேரல் இரும்பொறையின் பெயரோடுதான் ஒட்டியிருக்கிறது.

இதில் இன்னொரு சங்கதி. அதியமான், காரி, ஓரி மூன்று பேருமே கடையெழு வள்ளல்கள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் ஒருவன், இரவலர்க்குத் தேர் கொடுத்தவன் ஒருவன், மலையையே ஆண்டு பாணர்களை வாழவைத்தவன் ஒருவன். சிறுபாணாற்றுப்படையில் ஏழு வள்ளல்களையும் வரிசையாகச் சொல்லிவரும் புலவர், ஓரியைச் சொல்லும் இடத்தில் அவன் காரியோடு பொருததையும் இருவர் குதிரைகளின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார். கொடை வரிசைக்குள்ளேயே கொலை வந்து உட்கார்ந்திருக்கிறது. வில்லன் என்று விரல் நீட்ட ஆளில்லாத கதை இது. எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய கொடுப்பினை அமையாது.

இதே அமைப்பைத்தான் நீங்கள் விரும்பிப் படிக்கிற மங்காக்களிலும் பார்க்கிறீர்கள். மகோதோ யுகிமுரா 2005இல் தொடங்கிய ‘வின்லாண்ட் சாகா’வை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவன் தோர்ஃபின்னின் அப்பாவைக் கொன்றவன் அஸ்கெலாட். தோர்ஃபின் அவனிடமிருந்து ஓடவில்லை, அவன் கூட்டத்திலேயே சேர்கிறான். ஒவ்வொரு முறையும் அஸ்கெலாட் சொல்கிற வேலையை முடித்துக் கொடுத்தால்தான் அவனோடு ஒற்றைக்கு ஒற்றை நிற்கும் உரிமை கிடைக்கும். அந்த உரிமைக்காகத் தனக்குத் தீங்கு செய்யாத எத்தனையோ பேரைப் பத்து வருஷத்துக்கும் மேல் குத்திச் சாய்க்கிறான். கடைசியில் அஸ்கெலாட்டைக் கொல்வது இளவரசன் கன்யூட். தோர்ஃபின்னுக்கு அதுவும் கிடைக்கவில்லை. காரியும் தோர்ஃபின்னும் ஒரே கணக்கில் மாட்டியவர்கள். பழியைத் தீர்க்க ஒருவனுக்கு உழைக்கிறார்கள். அந்த உழைப்பின் பலி வேறு யாரோ.

மசாஷி கிஷிமோதோவின் ‘நருடோ’ 1999 முதல் 2014 வரை வந்தது. அதில் சாஸுகே ஏன் இத்தனை பேர் மனதில் தங்கினான் என்பதை ஒரே ஒரு சைகையை வைத்து விளக்கலாம். சின்ன வயதில் அவன் விளையாடக் கூப்பிடும்போதெல்லாம் அண்ணன் இதாச்சி இரண்டு விரலால் அவன் நெற்றியில் தட்டி, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்வான். பிறகு அதே அண்ணன் ஒரே இரவில் குலத்தையே அழித்துவிடுகிறான். பல நூறு பக்கம் தாண்டி, கடைசிச் சண்டையில், சாகப்போகிற அண்ணனின் கை தம்பியின் முகத்தை நோக்கி வருகிறது. கண்ணைப் பிடுங்க வருகிறது என்று தம்பி நடுங்குகிறான், நாமும் நடுங்குகிறோம். விரல் நெற்றியைத் தொடுகிறது. அவ்வளவுதான். பிற்பாடு, ஊர்ப் பெரியவர்கள் கட்டளையால்தான் அண்ணன் அதைச் செய்தான், தம்பியை மட்டும் உயிரோடு விட்டான் என்று தெரிய வரும்போது சாஸுகேயின் கோபம் ஊர் மேலேயே திரும்புகிறது. அந்த ஊரில் அவனுக்காக அழுத நண்பர்களும் இருக்கிறார்கள். தப்பான வாசல். ஆனால் அவனைத் திட்ட நமக்கு வாய் வருவதில்லை, ஏனென்றால் நம் நெற்றியிலும் அந்த விரல் பட்டிருக்கிறது.

அந்த நெற்றித் தொடலைப் போன்ற ஒரு சின்னச் செய்கையை உங்கள் கதையின் முதல் பத்துப் பக்கத்துக்குள் நட்டுவிடுங்கள். காரிக்கு அது என்ன? யோசிக்கவே வேண்டாம், கபிலர் கொடுத்துவிட்டார்: கொடுக்கும் கை.

கென்டாரோ மியுரா 1989இல் தொடங்கி 2021இல் தான் இறக்கும்வரை வரைந்த ‘பெர்செர்க்’ இன்னொரு பாடம் சொல்கிறது. தலைவன் கிரிஃபித் செய்த துரோகத்தில் நாயகன் கட்ஸின் தோழர்கள் பெரும்பாலோர் மாண்டார்கள். உயிர் தப்பிய காதலி காஸ்காவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. கட்ஸ் அவளை விட்டுவிட்டுப் பேய்களை வேட்டையாடக் கிளம்பிவிடுகிறான். திரும்பி வரும்போது அவள் காணாமல் போயிருக்கிறாள். கிழட்டுக் கொல்லர் கோடோ அவனிடம் முகத்துக்கு நேராகப் பேசுகிறார்: துக்கத்தோடு உட்கார முடியாமல்தான் நீ பழிக்கு ஓடினாய். அவர் சொல்வதன் சாரம் இது. நூற்றுக்கணக்கான சண்டைப் பக்கங்களைவிட அந்த உலைக்களத்துப் பேச்சுதான் கட்ஸை மனிதனாக்குகிறது என்பது என் எண்ணம். உங்கள் நாயகனிடமும் இப்படிப் பேச ஒருவர் வேண்டும். அவனுக்குப் பயப்படாத, அவனிடம் எதுவும் எதிர்பார்க்காத ஒருவர். காரிக்கு அந்த ஆள் கபிலர்தான். ‘கொடுப்பது எளிது, யாருக்கு எவ்வளவு தகும் என்று அறிந்து கொடுப்பதுதான் கடினம், புலவர்களை எல்லாம் ஒரே மாதிரி நடத்தாதே’ என்ற பொருளில் காரியிடம் நேருக்கு நேர் சொன்னவர் அவர். அந்த வாய் இருக்கும்போது வேறு பாத்திரம் எதற்கு?

நம் மொழியில் பழி என்றதும் கண்ணகி வந்து நிற்பாள். வந்தே ஆக வேண்டும். சிலப்பதிகாரத்தில் அவள் போனது சரியான வாசல். பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்ததும் மாணிக்கப் பரல் தெறிக்கிறது. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. தவறு தெரிந்த நொடியில் அரசன் விழுந்து சாகிறான், அரசியும் சாகிறாள். வழக்கு முடிந்தது, நீதியும் கிடைத்தது. அவளை எதிர்நாயகி, அதாவது கறை படிந்த நாயகி, என்று கூப்பிட அதுவரை ஒரு காரணமும் கிடையாது. அதன்பிறகுதான் அவள் தெருவுக்கு வருகிறாள், மதுரை எரிகிறது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேர் என்று தீக்கு அவள் கட்டளையிடுகிறாள். இளங்கோ அந்தப் பட்டியலை ஏன் வைத்தார்? வாசகருக்கு அந்த நேரத்தில் வருகிற நடுக்கம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கிடைக்க வேண்டிய நீதி கிடைத்த பிறகும் கை நிற்காத அந்த இடைவெளியில்தான் எதிர்நாயகர்கள் பிறக்கிறார்கள். அதோடும் அவர் விடவில்லை. மதுரைத் தெய்வம் வந்து, முற்பிறப்பில் அவள் கணவன் கோவலன் சங்கமன் என்ற வணிகனைப் பொய்க்குற்றம் சாட்டிக் கொல்லவைத்ததையும், சங்கமன் மனைவி நீலி சாபமிட்டு உயிர்விட்டதையும் கண்ணகியிடம் சொல்கிறது. கண்ணகியின் காயத்துக்குப் பின்னால் இன்னொரு பெண்ணின் காயம். உங்கள் கதையில் முற்பிறப்பு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் நாயகனின் இழப்புக்கு முன்னால் நாயகன் பக்கத்தினர் செய்த ஏதோ ஒன்று இருந்தால், கதைக்கு இன்னொரு அடித்தளம் கிடைத்துவிடும்.

பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்த நாவல். ‘அசுரன்’ படத்துக்கு அதுதான் மூலம். அதை வாங்கி முதல் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிடுகிறான். நாவல் அங்கேயே தொடங்குகிறது. அதுவும் அவன் நினைத்தது கையை மட்டும் வெட்ட, நடந்தது கொலை. நாம் கடைசிப் பக்கத்துக்கு என்று பொத்திப் பொத்தி வைக்கிற பழியை முதல் பக்கத்தில் தீர்த்துவிட்டு, மிச்ச நாவல் முழுக்க அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து, கிடைத்ததைச் சமைத்துத் தின்று, பேசிக்கொண்டே அலைவதைச் சொல்கிறார் பூமணி. பழி தீர்ந்ததும் கதை தீர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இந்த நாவலைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொல்லிமலையிலேயே கொல்கிற இன்னொரு உருவம் உண்டு: கொல்லிப்பாவை. பார்த்தவரை மயக்கிச் சிரித்தே கொல்லும் பாவை என்று சொல்வார்கள். நற்றிணையிலும் குறுந்தொகையிலும் வருகிறாள். எட்டுக்கை அம்மன்தான் அவள் என்று மலைமக்களில் பலர் கும்பிடுகிறார்கள். கதைக்கு அவள் நல்ல ஆபத்து, அழகான ஆபத்து. ஆனால் அவள் எதையும் இழந்தவள் கிடையாது, எதைத் தேர்ந்தெடுப்பதும் கிடையாது. யார் வந்தாலும் சிரிப்பாள். அதனால் அவள் எதிர்நாயகி ஆகமாட்டாள். வேண்டாம் என்று திரும்பிப் போக ஒரு வழி இருந்து, அதைப் பார்த்துவிட்டு, மேலே ஏறுகிறவன்தான் நமக்கு வேண்டும்.

சரி, இனி பக்கம் போடலாம். காரியின் கதையை எட்டுப் பக்கத்தில் எழுதச் சொன்னால் நான் இப்படிச் செய்வேன். கோவலூர் எரிவதை வரையவே மாட்டேன். கதை தொடங்கும் இடம் காரவள்ளி, போருக்கு முந்தின மாலை. இன்றைய சாலை அன்று கிடையாது. மலையடிவாரக் காடு, அவ்வளவுதான். இங்கே ஓவியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்று கொல்லிமலையில் கண்ணில் படுகிற சில்வர் ஓக், காப்பி, அன்னாசி, மரவள்ளி எல்லாம் மிகப் பிற்காலத்தில் கடல் கடந்து வந்தவை. புகைப்படம் பார்த்து அப்படியே வரைந்தால் சங்க காலத்தில் ஆஸ்திரேலிய மரம் நிற்கும். பலா, மூங்கில், தேனடை தொங்கும் பாறை, தினைப்புனம் என்று வரையுங்கள்.

முதல் பக்கத்தில் சேரன் படையின் பாசறை. அடுப்புகள் எரிகின்றன, சிலர் கள் குடிக்கிறார்கள். ஒருவன் மட்டும் குடிக்கவில்லை. அவன் முகத்தைக் காட்ட வேண்டாம், கவிழ்த்து வைத்த கலம் போதும். இரண்டாம் பக்கத்தில் மலையிலிருந்து ஒரு பாணர் குடும்பம் இறங்கி வருகிறது. வயிறு நிறைந்து, கை நிறைந்து, சிரித்துக்கொண்டு வருகிறார்கள். மூன்றாம் பக்கத்தில் பாணர் தாம் கண்டதைச் சொல்கிறார். இதற்கு வன்பரணர் ஓரியைப் பாடிய புறநானூற்றுப் பாட்டு கைகொடுக்கும்: யானையைத் துளைத்த ஒரே அம்பு புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகச் சாய்த்தது, அந்த வேடன் யாரென்று தெரியாமல் இவர்கள் பாட, பாட்டில் தன் பேர் வந்ததும் வெட்கப்பட்டு, ஊனும் தேறலும் மலையின் பொன்னும் கொடுத்து அனுப்பிவைத்தான். நாளைக்குத் தான் கொல்லப்போகிறவனைப் பற்றி, அவன் சோற்றைத் தின்றவர் வாயிலிருந்தே காரி கேட்கிறான். பாணருக்கு எதிரே இருப்பவன் யாரென்று தெரியாது.

நான்காம் பக்கம்தான் கதையின் முதுகெலும்பு. தமிழ்ப் புத்தகத்தை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். ஆகவே புரட்டியதும் முதலில் கண்ணில் படுவது இடப்பக்கம், அதாவது இரட்டை எண் பக்கம். திடுக்கிட வைக்கிற காட்சி எப்போதும் இரட்டை எண் பக்கத்தில் வரட்டும். ஜப்பானியப் புத்தகம் எதிர்த்திசையில் புரள்வதால் அதைப் பார்த்து நகலெடுக்கிறவர்கள் இந்தக் கணக்கில் சறுக்குகிறார்கள். அந்த நான்காம் பக்கம் முழுக்க ஒரே கட்டம்: பாணரின் கையில் தேரின் கடிவாளத்தைக் கொடுக்கும் காரியின் கை. தன் தேரையே கொடுத்துவிட்டான். நாளைக்கு எப்படி மலையேறுவீர்கள் என்று பாணர் கேட்க, அடுத்த பக்கத்தில் காரி தன் குதிரையைக் காட்டுகிறான். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று பாணரின் மகள் கேட்கிறாள். இந்தக் கேள்விக்கு வசனமே கூடாது. ஒரே அளவில் மூன்று கட்டம். மூன்றிலும் காரியின் வாய் மூடியிருக்க, பின்னால் மலை மட்டும் கறுத்துக்கொண்டே வரட்டும்.

ஐந்தாம் பக்கத்திலேயே விடிந்துவிடுகிறது, ஏற்றம் தொடங்குகிறது. ஆறாம் பக்கத்தில் அதே கை, அதே கோணம், அதே அளவு. கடிவாளம் இருந்த இடத்தில் வேல். ஓரியின் மரணத்தை இரத்தத்தோடு விரித்துக் காட்டினால் ஐந்து பக்கத்தில் சேர்த்ததெல்லாம் கரைந்துபோகும். கீழே விழுந்த வில் ஒன்று போதும். அந்த ஆறாம் பக்கத்துக் கையை நான்காம் பக்கத்துக் கையோடு அச்சடித்தாற்போலப் பொருத்தி வரைய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நகமும் தழும்பும் ஒன்றாக இருக்க வேண்டும். வாசகர் முந்தின பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் நீங்கள் ஜெயித்தீர்கள்.

கடைசி இரண்டு பக்கத்துக்கும் நற்றிணையில் கபிலரே வழி சொல்கிறார். ஓரியைக் கொன்றுவிட்டுக் காரி அவனுடைய பெருந்தெருவில் நுழைந்தபோது ஊர் எழுப்பிய ஆரவாரத்தை, மருதத்திணைப் பாட்டு ஒன்றில் உவமையாக வைத்திருக்கிறார். காரியைப் புகழ்ந்த அதே வாய் அந்தச் சத்தத்தையும் மறக்கவில்லை. ஊர் என்ன பேசியது என்பது பாட்டில் கிடையாது, சத்தம் மட்டும்தான். அதையே வரையுங்கள். தெரு முழுக்கத் திறந்த வாய்கள், பலூன் ஒன்றுகூட வேண்டாம், வீட்டுக்கூரை மேல் பெரிய எழுத்தில் ஓசை மட்டும். நடுவில் குதிரை மேல் காரி, முதுகு காட்டி. இங்கே அவன் முகத்தைக் காட்டிவிட்டால் அவன் வருந்துகிறானா, வெற்றியில் இருக்கிறானா என்று நீங்கள் முடிவு செய்து கொடுத்ததாகிவிடும்.

வசனம் பற்றி ஒரு வார்த்தை. பழிகாரர்களை எழுதும்போது எல்லோருக்கும் பெரிய பெரிய சூளுரை எழுதக் கை அரிக்கும். ஒரு கதைக்கு ஒரு சூளுரை போதும், அதுவும் கதை பாதியைத் தாண்டிய பிறகு. கசுவோ கொய்கே எழுதிய ‘லேடி ஸ்னோபிளட்’டில் யுகி பிறக்கும்போதே அம்மாவின் பழியைச் சுமந்து பிறந்தவள், ஆனாலும் அவள் அதிகம் பேசுவதில்லை. ஆடையின் மடிப்பும் குடையைப் பிடிக்கும் விதமும் பேசுகின்றன. கொய்கே 1977இல் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கி, கதை பின்னால் வரும், பாத்திரத்தை முதலில் நிறுத்து என்று சொல்லிக் கொடுத்தார். மங்கா படைப்பாளி ருமிகோ தகஹாஷி அங்கே படித்தவர்தான். நம் ஊர் வாசகர்களுக்கும் கறை படிந்த நாயகர்கள் புதிதில்லை. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’, பிரிட்டனில் பிறந்தபோது குற்றவாளியாகத்தான் கதையைத் தொடங்கினான்.

இந்த வகைக் கதையை எழுதுகிறவருக்கு ஒரு பொறுப்பும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க எனக்கு மனசு வராது. நம் ஊர்களில் பழி என்பது வெறும் கதையாக இருந்ததில்லை. அண்ணனுக்காகத் தம்பி, அப்பனுக்காக மகன், சாதிக்காக ஊர் என்று அரிவாள் தூக்கிய குடும்பங்கள் பல அதிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. உங்கள் சித்திரக்கதையைப் படிக்கிறவர்களில் அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம். நாயகனின் வலியை முழுசாகக் காட்டுங்கள், தயங்கவே வேண்டாம். கூடவே அவன் தட்டிய தப்பான வாசலுக்குப் பின்னால் இருப்பவர்களையும் அதே அக்கறையோடு காட்டுங்கள். அவர்களுக்குப் பேர் இருக்கட்டும், சோறு ஆக்கட்டும், சிரிக்கட்டும். ஓரி இத்தனை பெரிய வள்ளலாக இருப்பதால்தான் காரியின் கதை நம்மை இப்படிப் பிடித்து ஆட்டுகிறது. அவனை ஒரு கொடுங்கோலனாக மாற்றி எழுதிவிட்டால் காரிக்கு ஒரு சுமையும் இருக்காது, நமக்கும் படிக்க ஒன்றும் இருக்காது.

தொடராக எழுத நினைப்பவர்களுக்கு அடுத்த பாகமும் புறநானூற்றில் தயாராக இருக்கிறது. மலையமானின் சின்னப் பிள்ளைகளைச் சோழன் கிள்ளிவளவன் பிடித்து வந்து யானைக்காலில் இடப்போகிறான். கோவூர் கிழார் குறுக்கே நின்று பாடித் தடுக்கிறார். அந்தப் பாட்டில் பிள்ளைகள் தங்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்று அறியாமல், யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிடுகிறார்கள். கூடியிருக்கும் கூட்டத்தைத்தான் மருண்டு பார்க்கிறார்கள். இதை வரைகிறவர் கோணத்தைத் தரைமட்டத்துக்கு, பிள்ளைகளின் கண் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது யானை வேடிக்கையாகவும், மனிதர்கள் பயங்கரமாகவும் தெரிவார்கள்.

பென்சிலில் எட்டுப் பக்கமும் முடிந்ததும், மங்கா படிக்கிற ஒருவரிடமும், வாழ்நாளில் மங்காவைத் தொடாத ஒருவரிடமும் தனித்தனியாகக் கொடுங்கள். கதை பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எந்தக் கட்டத்தில் ‘வேண்டாம், போகாதே’ என்று இவனிடம் சொல்லத் தோன்றியது என்று கேட்டு, அந்தக் கட்டத்தில் விரலை வைக்கச் சொல்லுங்கள். இருவர் விரலும் வேல் வரும் ஆறாம் பக்கத்தில் விழுந்தால் காரவள்ளிப் பக்கங்களில் இன்னும் பலம் போதவில்லை. பாணரின் பேச்சைத் திருத்தி எழுதுங்கள். விரல் தேரைக் கொடுக்கும் பக்கத்திலோ, அந்தச் சிறுமி கேள்வி கேட்கும் கட்டத்திலோ விழுந்தால் மை போட உட்காரலாம்.